அப்பாவோட யெஸ்டி வீட்ல யாருக்கும் வேண்டாமாம்

திம்பம்27 | ஞாயிறு, இரவு 9:40

வணக்கம்ங்க. நமக்கு கோபிச்செட்டிபாளையம் பக்கம். அப்பா 1976ல வாங்கின யெஸ்டி 250 வீட்ல நிக்குது. பஸ்ல மைசூர் போய், வண்டியை எடுத்து, சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியா ஓட்டிட்டு வந்தார். திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவையும் புது வண்டியில இறங்கி, பண்ணாரி அம்மன் கோயில்ல தேங்காய் உடைச்சிட்டு வீடு வந்து சேர்ந்த கதையை நான் நூறு தடவை கேட்டிருக்கேன். என் பேருக்குப் பின்னாடி இருக்கிற 27 அதுதான்.

அப்பா போய் ஏழு வருஷம் ஆச்சு. நாலு வருஷம் வண்டி நடு முற்றத்துல கோணிச் சாக்குக்கு அடியில கிடந்துச்சு. அப்புறம் நான் எடுத்தேன். சிலிண்டர் போர் அடிச்சாச்சு, கிராங்க் பேரிங் மாத்தியாச்சு, டேங்குக்கும் சைலன்சருக்கும் குரோம் போட்டாச்சு. மூணு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா நான் வண்டிக்கு அடியிலதான். இப்போ ரெண்டாவது கிக்குல பத்திக்குது. டப் டப் டப்னு அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணும்.

வீட்ல வேற யாருக்கும் ஒண்ணும் பண்ணலை. அதுதான் பிரச்சினை. சம்சாரத்துக்குக் கோவம். (கார்புரேட்டர் கழுவ மாவு வைக்கிற போசிப் பாத்திரத்தை எடுத்தது தப்புத்தான். ஒத்துக்கிறேன்.) பொண்ணுக்கு 15 வயசு, கிட்ட வந்தா மூக்கைப் பொத்திக்கிறா. பையனுக்கு 9. முதல் வாரம் டார்ச் பிடிக்க வந்தான், அதுக்கப்புறம் ஆளைக் காணோம். அம்மா திண்ணைப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்லை. அப்பா வண்டியாச்சேன்னு நான்தான் உருகிட்டு இருக்கேன்.

வீட்ல எல்லாரையும் இதுல எப்படிச் சேர்க்கிறது? பண்ணினவங்க சொல்லுங்க. பொண்ணுக்கு நம்ம காட்டுத் தடத்துல ஓட்டக் கத்துக் குடுக்கலாமான்னு யோசனை.

---

உக்கடம் ஸ்பேனர் | ஞாயிறு, இரவு 10:05

அண்ணா, முதல்ல கடைசி வரிக்கு வரேன். பொண்ணுக்கு 15ன்னு சொல்றீங்க. ரோட்டுப் பக்கம் விட்டுறாதீங்க. கியர் வண்டிக்கு 18 ஆகணும். சின்னப் பசங்க ஓட்டி மாட்டினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெத்தவங்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி ஒரு வருஷத்துக்கு ரத்து. அப்பா வண்டிக்கு அது வேண்டாம்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்க. வாசல்லயே கியர் மாத்தக் கத்துக் குடுக்கலாம். யெஸ்டியில அது ஒரு வேடிக்கைதானே? கிக்கரும் கியரும் ஒரே லீவர். உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு அதையே முன்னாடி திருப்பி கியர் போடணும். கியர் லீவரை அமுக்கினா கிளட்சும் தானா விடும். கை கிளட்ச் பிடிக்காமலே கியர் மாத்திக் காட்டுங்க. "எப்படிப்பா?"ன்னு கேட்டுட்டான்னா நீங்க ஜெயிச்சாச்சு. கேட்கலைன்னா விட்டுருங்க.

---

ஹெரால்டு மகள் | ஞாயிறு, இரவு 10:50

//முதல் வாரம் டார்ச் பிடிக்க வந்தான், அதுக்கப்புறம் ஆளைக் காணோம்//

ஹா ஹா. வருவானா? தமிழ்நாட்டுல வண்டி வச்சிருக்கிற எல்லா அப்பாவும் பண்ற தப்பு இது. பிள்ளை கையில டார்ச்சைக் குடுக்கறது, "அங்க காட்டு... அங்க இல்லடா, இங்க... எங்கடா பார்க்கிற?"ன்னு திட்டறது. அப்பா தலை நடுவுல இருக்கும்போது வெளிச்சம் எங்க விழும்? என் தம்பிக்கு இன்னிக்கு 46 வயசு. கார் பானெட் திறந்தாலே ரெண்டடி பின்னாடி போய் நிப்பான். டார்ச் பிடிச்ச பயம்.

நான் பெருங்களத்தூர்ல வளர்ந்தவ. ஸ்டாண்டர்டு மோட்டார் ஃபேக்டரி பக்கத்துலயே வீடு. அப்பாகிட்ட ஹெரால்டு மார்க் 3. நாலு கதவு வச்சது. இங்கிலாந்துல வந்த டிரையம்ஃப் ஹெரால்டு சலூனுக்கு ரெண்டே கதவுதான், நாலு கதவு நம்ம ஊர் ஆளுங்க பண்ணினது. அதுல அப்பாவுக்கு அவரே டிசைன் பண்ண மாதிரி பெருமை. ஹெரால்டு பானெட் தெரியும் இல்லையா? மூடி மாதிரி இல்லாம மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னாடி கவிழும். எஞ்சின் பூரா வெட்டவெளியில இருக்கும். முன் டயர் மேலயே உட்கார்ந்துகிட்டு வேலை பார்க்கலாம். எனக்கு எட்டு வயசுல இடது டயர்தான் நாற்காலி.

அப்பா எனக்கு டார்ச் குடுக்கலை, பிளக் குடுத்தார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, இடைவெளி பார்த்து, எந்த சிலிண்டர்ல எந்த பிளக் இருந்துச்சோ அதே வரிசையில நியூஸ் பேப்பர்ல வைக்கணும். கருப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா இருந்தா கம்மி, காபிப்பொடி நிறத்துல இருந்தா சரி. நான் "மூணாவது மட்டும் கருப்புப்பா"ன்னு சொன்னா அவர் வந்து பார்த்து, "ஆமா"ன்னுவார். என் வார்த்தையை வச்சு ஒரு பெரியவர் ஒரு முடிவு எடுக்கிறார். எட்டு வயசுல வேற யார் குடுப்பா அதை?

இப்போ கார் என் பேர்ல இருக்கு. வீட்டுக்காரருக்கு ஆர்வம் கிடையாது. ஆனா 25 அடிக்குள்ள யு டர்ன் அடிக்கும்போது மட்டும் பக்கத்து சீட்ல இருந்து ஒரு சிரிப்பு வரும். எனக்கு அது போதும்.

---

நேரடி | திங்கள், காலை 7:15

கொஞ்சம் கசப்பாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. உங்க பதிவுல "அப்பா" நாலு தடவை வருது. உங்களுக்கு அப்பாவை விட முடியலை. வீட்ல இருக்கறவங்களுக்கு அது பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரியற டூ ஸ்ட்ரோக் புகை, அவ்வளவுதான். அந்தப் பொண்ணு மூக்கைப் பொத்தறது நியாயம். எண்ணெயையே எரிக்கிற எஞ்சின் அது.

ஒரு கேள்வி. உங்க பொண்ணுக்குன்னு ஒரு ஆசை இருக்கும் இல்ல? அதுக்கு நீங்க எத்தனை ஞாயிறு போனீங்க?

---

ஆர்எக்ஸ் வீட்டுக்காரி | திங்கள், காலை 11:30

//அதுக்கு நீங்க எத்தனை ஞாயிறு போனீங்க?//

இதைத்தான் நானும் கேட்க வந்தேன்.

நான் வண்டிப் பைத்தியம் இல்லை, பைத்தியத்தைக் கட்டிக்கிட்டவ. எங்க வீட்ல ஒரு ஆர்எக்ஸ் 100, ஒரு ராஜ்தூத் 350. இவங்க அதை ஆர்டி 350ம்பாங்க. எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து 83ல விட்டது, அந்தக் காலத்துல மைலேஜ் பார்த்து ஜனங்க ஓடிட்டாங்க, இப்போ அதுக்கு என்ன விலைன்னு சொன்னா உங்க சம்சாரம் உங்களை மன்னிச்சுருவாங்க. கல்யாணமான புதுசுல அது எங்க ஹால்ல நின்னுச்சு. ஹால்ல! டிவி பார்க்கணும்னா டேங்குக்கு மேல எட்டிப் பார்க்கணும்.

வீட்டு ஆம்பளைங்க "சேர்ந்து ரசிக்கலாம்"னு சொன்னா பாதி நேரம் அர்த்தம் என்ன தெரியுமா? "நான் செலவு பண்றதை நீ கேட்காதே." உங்க சம்சாரத்துக்கு வண்டி மேல கோவமா, இல்ல கணக்கு தெரியாத கோவமா? எங்க வீட்ல மூணாவது வருஷம் நான் ஒரு நோட்டு போட்டேன். வண்டி நோட்டு. பிஸ்டன் ரிங்குல இருந்து புதுப்பேட்டைக்குப் போன பஸ் டிக்கெட் வரைக்கும் எழுதணும். எழுதாத செலவு இருந்தா அடுத்த மாசம் பார்ட்ஸ் கிடையாது. மாசத்துல ரெண்டு ஞாயிறு வண்டிக்கு, ரெண்டு ஞாயிறு எங்களுக்கு.

அந்த நோட்டுல எழுத எழுதத்தான் எனக்கே விவரம் புரிஞ்சது. "போன மாசம்தானே ரிங் போட்டீங்க, மறுபடி ஏன்?"னு கேட்டேன். அவர் முழிச்சார். மெக்கானிக் பழைய ரிங்கையே போட்டுட்டு காசு வாங்கியிருக்கான். கண்டுபிடிச்சது நான். அன்னியிலிருந்து வண்டியில எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்புறம், மாவு போசி விஷயம். புதுசு வாங்கிக் குடுத்தீங்களா இல்லையா?

---

மதுரை மார்க்-2 | திங்கள், மாலை 6:20

தம்பி, எனக்கு வயது 74. 1968 அம்பாசடர் மார்க் 2 வைத்திருந்தேன். வைத்திருந்தேன் என்றால் இப்போது இல்லை.

முன் சீட் முழு பெஞ்ச். கியர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருப்பதால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், ஒரு குழந்தையை மடியில் வைத்தால் நான்கு. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் சொந்தக்காரப் பிள்ளைகள் உட்பட ஒன்பது பேர் ஏற்றியிருக்கிறேன். பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் கிராங்க் கம்பி போட்டுச் சுற்றுவேன். கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடிக்க வேண்டும், கம்பியைச் சுற்றி மடக்கக் கூடாது. எஞ்சின் எதிர்ச்சுற்றாக உதைத்தால் விரல் போய்விடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். என் இரண்டு மகன்களுக்கும் தெரியாது. காரணம், நான் தொட விட்டதில்லை. கீறல் விழுந்துவிடும், கதவை ஓங்கிச் சாத்தாதே, கண்ணாடியில் கை வைக்காதே. பெரியவன் கல்லூரி முதல் வருடத்தில் ஒரு நாள் கேட்டான், "அப்பா, நான் ஒரு ரவுண்டு?" என்று. "உனக்கு மாருதி கற்றுத் தருகிறேன், இது வேண்டாம்" என்றேன். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கேட்காததை நான் நல்ல பிள்ளைத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவரும் வெளிநாடு. 2014இல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்திய செய்தி வந்த அன்று இருவருக்கும் போன் செய்தேன். சின்னவன், "அப்படியாப்பா, அம்மாவுக்கு பிரஷர் எப்படி இருக்கு?" என்றான். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

போன வருடம் கல்யாணத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மாசி வீதியில் ஒரு நாள் எதிரே வந்தது. பானெட் பூராவும் ரோஜா, உள்ளே மாப்பிள்ளை. மட்கார்டில் ஒரு கீறல். எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் உறைத்தது, அந்தக் கீறலைப் பார்த்து நான் பதறவே இல்லை.

பையனை உட்கார வையுங்கள். கீறட்டும்.

---

திம்பம்27 | திங்கள், இரவு 10:10

எல்லாருக்கும் நன்றிங்க. சார், உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன்.

நேரடி, உங்க மேல மத்தியானம் வரைக்கும் கோவம் இருந்துச்சு. சாயந்தரம் பொண்ணுகிட்ட கேட்டேன். அவ ஸ்கூல் கோகோ டீம்ல இருக்கா. எனக்குத் தெரியும், ஆனா "இருக்கா"ங்கிற வரைக்கும்தான் தெரியும். மூணு வருஷத்துல ஒரு மேட்ச் பார்த்ததில்லை. வர ஞாயிறு பவானியில இருக்காம்.

போசி வாங்கலைங்க அக்கா. நாளைக்கு வாங்கிடறேன்.

---

நவாலி ஏ40 | செவ்வாய், காலை 6:00

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ரொறன்ரோ. உங்கட கதையளை வாசிக்கேக்க என்ர கதையையும் சொல்லாமல் இருக்கேலாமக் கிடக்கு.

அப்பாட்ட ஒரு ஒஸ்ரின் ஏ40 நிண்டது. ஹயர் ஓடின கார். தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை, பெற்றோல் எண்டது மருந்து மாதிரி. புதுக் கார் வச்சிருந்த ஆக்கள் எல்லாம் கிடுகால மூடி விட்டிட்டினம். ஏ40, மொறிஸ் மைனர் எண்டு பழசுகள்தான் ரோட்டில ஓடினது, மண்ணெண்ணெயில. அழுத்தம் குறைஞ்ச எஞ்சின் எண்டபடியால் தாங்கும். ஆனால் எஞ்சின் குளிரா இருக்கேக்க மண்ணெண்ணெய் ஆவியாகாது, பத்தாது. அதால காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேற விட்டுப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது.

அந்த நாலு சொட்டு என்ர பொறுப்பு. சின்னப் போத்தில் ஒண்டு, மூடியில ஊசித் துவாரம். எனக்கு அப்ப பத்து வயது. அஞ்சு சொட்டு விட்டால் அப்பா பேசுவார், மூண்டு விட்டால் ஸ்ராட் வராது. போத்திலை இரவில என்ர தலைமாட்டில வச்சுத்தான் படுக்கிறனான். மேல ஒரு அக்கா "என் வார்த்தையை வச்சு ஒரு பெரியவர் முடிவு எடுக்கிறார்" எண்டு எழுதியிருந்தா. அதே கதைதான், அக்கா.

95 ஒக்ரோபர் 30, சனம் முழுக்க இடம்பெயர்ந்த இரவு, அம்மம்மாவையும் மூட்டை முடிச்சுகளையும் அந்தக் காரிலதான் ஏத்தினது. நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சிட்டுது. எஞ்சினை நிப்பாட்டினால் திரும்ப எடுக்கப் போத்திலில இருந்தது ரெண்டு தரத்துக்குக் காணும். நிப்பாட்டவே இல்லை, சனத்தோட சனமா ஊர்ந்து போச்சுது.

என்ர பிள்ளையள் இஞ்ச பிறந்ததுகள். இந்தக் கதையைச் சொன்னால் "பாவம் அப்பா" எண்டு முகத்தை வைக்குதுகள். எனக்கு அந்த முகம் பிடிக்கேல்ல. ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகேக்க தெரிஞ்ச ஒருத்தரிட்ட நிண்ட ஏ40ஐ ஒரு நாளைக்குக் கேட்டு எடுத்தன். மூத்தவளிட்டச் சின்னப் போத்திலைக் குடுத்து "நாலு சொட்டு" எண்டன். அவள் அஞ்சு விட்டாள். நான் பேசினன். அவள் திருப்பிப் பேசினாள். அண்டைக்குத்தான் "பாவம் அப்பா" முகம் போனது.

---

உக்கடம் ஸ்பேனர் | செவ்வாய், காலை 9:45

நவாலி அண்ணா, கடையில உட்கார்ந்து படிச்சிட்டு கஸ்டமர் கூப்பிட்டதே காதுல விழலை.

திம்பம் அண்ணாவுக்கு ரெண்டு விஷயம், பேச்சு வாக்குல மறந்துரக் கூடாதுன்னு. ஒண்ணு, இப்போ வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல டேங்குல விட்டா அடியில துரு. பழைய ரப்பர் ஓசு, டேப்பு வாஷர் எல்லாம் ஊறிக் கொழகொழன்னு ஆகும். நிறுத்தறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேப்பை மூடிட்டு, எஞ்சின் தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க. கார்புரேட்டர் காலியாயிரும். வாசல்ல பெட்ரோல் நாத்தமும் குறையும். பொண்ணு மூக்குக்கு அதுவே பாதி வைத்தியம்.

ரெண்டு, 76 வண்டின்னா இப்போ 50 வருஷம் ஆகுது. விண்டேஜ் பதிவுக்குப் போகலாம்னு யாராவது ஆசை காட்டுவாங்க. 2021ல வந்த விதி. நம்பர்ல "விஏ"ன்னு வரும், கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபடி பதிய 5,000. ஆனா அதை எடுத்தா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான் ரோட்ல ஓட்டணும். சம்சாரத்தை உட்கார வச்சு சந்தைக்குப் போக முடியாது. பார்க்கிறதுக்கா, போறதுக்கா வண்டின்னு முடிவு பண்ணிட்டு எடுங்க.

பையனுக்கு ஒண்ணு சொல்றேன். லீவுல கோயமுத்தூர் கூட்டிட்டு வாங்க, அவிநாசி ரோட்ல ஜீடீ கார் மியூசியம். ஜி.டி. நாயுடு ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே வாங்கி, பிரிச்சுப் போட்டுத் திரும்பப் பூட்டின கதை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அதைச் சொல்லிட்டு உள்ள கூட்டிட்டுப் போங்க. வெளிய வந்ததும் ஸ்பேனரை அவன் கையில குடுங்க, டார்ச்சை நீங்க பிடிங்க.

---

ஹெரால்டு மகள் | செவ்வாய், மதியம் 2:15

//டார்ச்சை நீங்க பிடிங்க//

இதைச் சட்டமாவே போடணும்.

திம்பம்27, ஒண்ணு கேட்கணும்னு நேத்துலேர்ந்து இருக்கு. சம்சாரம், பொண்ணு, பையன் எல்லாரையும் பத்தி எழுதினீங்க. அம்மாவுக்கு ஒரே ஒரு வரி. "திண்ணைப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்லை." ஏன்னு கேட்டீங்களா? உங்க அப்பா அந்த வண்டியை ஓட்டின காலம் பூரா பின் சீட்ல யார் உட்கார்ந்திருந்தாங்க? அந்த வண்டியைப் பத்தி உங்களைவிட அதிகம் தெரிஞ்ச ஆள் வீட்டுக்குள்ள இருக்காங்க.

இன்னொண்ணு. புல்லட்னா சைலன்சர் வலது பக்கம் மட்டும். பொம்பளைங்க புடவையோட ரெண்டு காலையும் இடது பக்கம் போட்டுத்தான் உட்காருவாங்க, தப்பிச்சாங்க. ஜாவா, யெஸ்டிக்கு ஒத்த சிலிண்டர்தான், ஆனா ரெண்டு பக்கமும் சைலன்சர். அம்மாவோட இடது கெண்டைக்காலைப் பார்த்திருக்கீங்களா?

---

ஆர்எக்ஸ் வீட்டுக்காரி | செவ்வாய், மதியம் 2:40

அய்யோ. எங்க மாமியாருக்கும் அங்கதான் இருக்கு.

---

நேரடி | செவ்வாய், மாலை 5:00

நல்ல கேள்வி.

---

திம்பம்27 | ஞாயிறு, இரவு 11:20

அஞ்சு நாளா எழுதலை. எழுத விஷயம் சேரட்டும்னு இருந்தேன்.

இருக்குங்க. இடது கெண்டைக்கால்ல, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. 45 வருஷமா அந்தக் காலைப் பார்க்கிறேன், அடுப்புல சுட்டதுன்னு நினைச்சிருந்தேன். கேட்டதுக்கு அம்மா, "சத்தியமங்கலத்துல எங்க சின்னக்கா கண்ணாலத்துக்குப் போனப்போ. உங்கப்பன் பார்த்து ஏறத் தெரியலியான்னு என்னையத்தான் வஞ்சாரு"ன்னுச்சு. கல்யாண வீட்ல மூணு நாளும் புடவையைத் தழையத் தழையக் கட்டி மறைச்சிருக்கு.

அதோட நிக்கலை. மைசூர்க் கதை எனக்குத் தெரிஞ்சது பாதிதான். வண்டி வாங்கின காசு மஞ்சள் வித்த காசு. கிணத்துக்கு மோட்டார் வைக்கலாம்னு அம்மாவும் அப்பாவும் பேசி வச்சிருந்தது. அப்பா மைசூருக்கு போறேன்னே சொல்லலையாம். "சந்தைக்குப் போறேன்னு போன ஆளு ரெண்டு நாள் கழிச்சு டப் டப்னு வந்து வாசல்ல நிக்கறாரு. நெத்தியில பண்ணாரிக் குங்குமம்." அடுத்த ரெண்டு வருஷம் ஏத்தம் இறைச்ச கூலிக் கணக்கைத் தேதி மாறாம சொல்லுது. நூறு தடவை அந்தக் கதையைக் கேட்டிருக்கேன்னேன் இல்லைங்களா, அம்மா பக்கத்துல இருந்து ஒரு தடவை கேட்டதில்லை.

பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டு இருந்தா. "அப்புறம் ஏன் பாட்டி அதுல ஏறினே?"ன்னா. அம்மா, "ஏறாம? ஆசுபத்திரிக்கு உங்கப்பனைப் பெக்கறதுக்கு அதுலதான் போனேன்"னுச்சு. எல்லாரும் சிரிச்சோம், அம்மா சிரிக்கலை.

இன்னைக்குக் காலையில பவானி போனேன், பஸ்ல. பொண்ணு டீம் தோத்துருச்சு, ஆனா அவ மூணு பேரைத் தொட்டா. திரும்பி வரும்போது நல்லாப் பேசிட்டே வந்தா, வண்டியைப் பத்தி இல்லைங்க, கோகோவைப் பத்தி.

சாயந்தரம் நடந்ததுதான் விஷயம். இடது சைலன்சர் அடைச்ச மாதிரி சத்தம் கம்மலா இருக்குன்னு உள் குழாயை உருவினேன். கரி கட்டியிருக்கு. காஸ்டிக் சோடா வாங்கணும்னு சொல்லிட்டு இருந்தேன். திண்ணையில இருந்து அம்மா குரல்: "சோடா எதுக்கு? தண்ணி அடுப்புல போடு."

திரும்பிப் பார்த்தா அம்மா நிக்குது. நாலு மாசத்துக்கு ஒருக்கா அப்பா அந்தக் குழாயைக் கழட்டி அம்மாகிட்டக் குடுத்துருவாராம். அம்மா தேங்காய் மட்டை போட்டு, தண்ணி அடுப்புத் தணல்ல செவக்கச் சுட்டு, எடுத்துக் கல்லு மேல தட்டிக் கரியை உதிர்த்துக் குடுக்கும். பெட்ரோல்ல எண்ணெய் கலக்கறதும் அம்மாதான். லிட்டருக்கு 40 மில்லி. எங்களுக்கு இருமல் மருந்து ஊத்தற சின்ன டம்ளர்தான் அளவு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி மறுபடி மருந்துக்கு. (எங்க ரெண்டு தலைமுறையும் உசுரோட இருக்கறதே பெருசுங்க.) "உங்கப்பா ஊத்துனா கை தாராளம், ஊரெல்லாம் பொகை. நான் ஊத்துனா பொகையே வராது."

நேரடி, குறிச்சுக்கோங்க. புகைக்குக் காரணம் எஞ்சின் மட்டும் இல்லை.

சுட்டோம். பின்னாடி தண்ணி அடுப்பு இன்னும் இருக்கு, வாட்டர் ஹீட்டர் வந்ததுக்கு அப்புறம் அதுல கோழி அடையுது. கோழியை விரட்டிட்டு மட்டை போட்டோம். பையன் இடுக்கி பிடிச்சான், நான் டார்ச் பிடிச்சேன். அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் செவக்கலை", "இப்ப எடு", "அப்படித் தட்டாதே, நெளிஞ்சுரும்"னு ஒரே அதிகாரம். சம்சாரம் வந்து பார்த்துட்டு ஒரு நோட்டு கொண்டு வந்து வச்சாங்க. முதல் பக்கத்துல "மாவு போசி, 640 ரூபாய், வண்டிச் செலவு"ன்னு எழுதியிருக்கு. ஆர்எக்ஸ் அக்கா, உங்க பதிவை நான்தான் காட்டினேன், தப்பு என்னோடதுதான்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணினா சத்தமே வேற. அம்மா உள்ள போகும்போது, "இதை வித்துப்போட்டு நிம்மதியா இரு"ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. ஆனா நின்னு, முழுசாக் கேட்டுட்டுப் போச்சு.

ராத்திரி சாப்பிடும்போது பொண்ணு சொன்னா, பாட்டிக்குப் பின் சீட்ல கால் படாத மாதிரி ஏதாவது வைக்கலாம் இல்லப்பான்னு. அப்பா காலத்து வண்டியில சாரி கார்டு இருந்துச்சாம், நான் குரோம் போடக் கழட்டினப்போ அசிங்கமா இருக்குன்னு பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். ஸ்பேனர் தம்பி, 76 யெஸ்டிக்கு சாரி கார்டும், இடது சைலன்சருக்கு மேல ஒரு தகடும் கிடைக்குமா? அம்மா ஏறாது. ஆனாலும் வச்சுப் பார்க்கலாம்னு.

---

உக்கடம் ஸ்பேனர் | திங்கள், காலை 8:30

சாரி கார்டு பழைய மார்க்கெட்ல தேடிப் பார்க்கிறேன்ணா, நெளிஞ்சதுன்னாலும் பரவாயில்லையா? தகடு ரெடிமேடா வராது, அளவு எடுத்து அடிக்கணும். அம்மா கால் வைக்கிற இடத்தை அளந்து அனுப்புங்க. வண்டியை ஸ்டாண்டு போட்டு உட்கார வச்சு அளக்கணும், சும்மா கண் அளவுல சொல்லாதீங்க.

---

ஆர்எக்ஸ் வீட்டுக்காரி | திங்கள், காலை 9:00

பில் வாங்குங்க தம்பி. நோட்டுல ஒட்டணும்.